தொடாமல் வெட்டும் மேசை

இரும்பை வெட்டும் இயந்திரம் என்றதும் நம் மனத்தில் எழுவது கனம். லேத்தானாலும் மில்லிங் மெஷினானாலும் வார்ப்பிரும்பில் செய்த பருத்த உடலும் அதைத் தரையோடு இறுக்கும் போல்ட்டுகளும் இல்லாமல் இருப்பதில்லை. அந்தக் கனத்துக்குக் காரணம் உண்டு. உளி உலோகத்தைத் தள்ளுகிறது, உலோகம் அதே விசையோடு உளியைத் திருப்பித் தள்ளுகிறது. உடல் இம்மியளவு வளைந்தாலும் அளவு தவறும், உளி அதிரும், வெட்டிய பரப்பில் வரிவரியாகத் தடம் விழும். சிறு வெல்டிங் பட்டறையிலோ வீட்டுக் கொட்டகையிலோ கணினியால் இயங்கும் பிளாஸ்மா வெட்டு மேசையைத் தாமே கட்ட நினைப்பவர்களும் இந்தப் பழக்கத்தினாலேயே முதலில் கனமான சட்டத்தைத் தேடுகிறார்கள். கையிலிருக்கும் பணத்தின் பெரும்பகுதி தடித்த இரும்புக் குழாய்க்கும் விலையுயர்ந்த பால் ஸ்க்ரூவுக்கும் போய்விடுகிறது. அது இடம் மாறிச் செலவான பணம் என்பதே என் வாதம். பிளாஸ்மா டார்ச் வெட்டும்போது தகட்டைத் தொடுவதே இல்லை. அதனால் இந்த மேசையின் துல்லியத்தை இரண்டு விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன: டார்ச்சின் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியை ஓட்டம் முழுதும் காப்பது ஒன்று, மூலை திரும்பும்போதும் வேகத்தைக் கூடியவரை குறையவிடாமல் வைத்திருப்பது மற்றொன்று. சட்டமும் மோட்டாரும் மென்பொருளும் இந்த இரண்டுக்கும் துணைபோக வேண்டியவை.

இதை ஏற்க முதலில் பிளாஸ்மா எப்படி வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நம் பட்டறைகளில் கேஸ் கட்டிங் என்று சொல்லப்படும் ஆக்சிஜன் வெட்டில் நடப்பது எரிதல். எஃகு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் சூட்டில், அதாவது தான் உருகும் நிலைக்கு வெகு முன்பே, தூய ஆக்சிஜனில் தீப்பற்றும். அப்படி எரிந்து உண்டாகும் ஆக்சைடு எளிதில் இளகி, வாயுவின் வேகத்தில் அடித்துச் செல்லப்படுகிறது. அலுமினியத்தில் இந்த வித்தை பலிக்காது. அந்த உலோகம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படியும் ஆக்சைடோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் ஆக்சைடு இதேபோல வழிமறிக்கிறது. இந்த உலோகங்களை வெட்ட வழி தேடியதில் பிறந்ததுதான் பிளாஸ்மா முறை. அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவில் பணியாற்றிய ராபர்ட் கேஜ் 1957இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெல்டிங்கில் பரந்து நிற்கும் மின்வில்லை ஒரு சிறு துளை வழியாக நெருக்கி, கூடவே வாயுவையும் அழுத்தித் தள்ளினால், வாயு மின்னணுக்களை இழந்து மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்மாவாகிறது. அதன் நடுப்பகுதியின் வெப்பம் 20,000 டிகிரியை எட்டக்கூடும். சூரியனின் மேற்பரப்போ ஏறத்தாழ 5,500 டிகிரிதான். இந்தத் தாரை உலோகத்தை உருக்குகிறது, அதன் வேகமே உருகியதைக் கீழே ஊதித் தள்ளுகிறது. உலோகம் எரிய வேண்டிய தேவையே இல்லாததால், மின்சாரம் கடத்தும் எந்தத் தகட்டையும் இது வெட்டும்.

தொடக்ககால டார்ச்சுகளுக்கு ஆர்கான், ஹைட்ரஜன், நைட்ரஜன் போன்ற வாயுக்கள் தேவைப்பட்டன. காரணம், டங்ஸ்டன் எலக்ட்ரோடு. 3,400 டிகிரிக்கு மேல் உருகும் டங்ஸ்டன்கூட ஆக்சிஜன் பட்டால் ஆவியாகும் ஆக்சைடாக மாறிச் சீக்கிரம் கரைந்துபோகும். சாதாரணக் காற்றாலேயே வெட்டலாம் என்ற நிலை ஹாஃப்னியம் என்ற உலோகத்தால் வந்தது. செம்பு எலக்ட்ரோடின் நுனியில் ஒரு சிறு ஹாஃப்னியம் பொட்டைப் பதித்தார்கள். ஹாஃப்னியம் ஆக்சைடு 2,700 டிகிரிக்கும் மேலே உருகக்கூடியது. சூடான நிலையில் மின்னணுக்களைத் தாராளமாக வெளிவிடும். ஆக்சிஜன் டங்ஸ்டனைத் தின்றது, ஹாஃப்னியத்துக்கோ கவசம் போர்த்தியது. சிலிண்டர் வாங்க வேண்டாம், கம்ப்ரசர் இருந்தால் போதும் என்றான பிறகே பிளாஸ்மா சிறு பட்டறைக்குள் நுழைந்தது. 45 ஆம்பியர் வகை எந்திரம் ஒன்று ஏறத்தாழ 145 வோல்ட்டில் 6.5 கிலோவாட் திறனை அந்தச் சிறு துளைக்குள் குவிக்கிறது. 12 மில்லிமீட்டர் எம்.எஸ். (மென் எஃகு) தகட்டைத் துளைத்து வெட்டுகிறது. இந்தப் பகுதியை யாரும் வீட்டில் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது. மின்மூலமும் டார்ச்சும் கடையில் வாங்குபவை. கையால் கட்டக்கூடியது, அந்த டார்ச்சைச் சுமந்து ஓடும் மேசையும் அதற்கு வழிசொல்லும் மூளையும்தான்.

இப்போது கனத்தின் கணக்கைப் பார்ப்போம். மில்லிங் கட்டர் எஃகில் இறங்கும்போது நூற்றுக்கணக்கான நியூட்டன் விசையை இயந்திரத்தின் உடல் தாங்க வேண்டியிருக்கிறது. பிளாஸ்மா மேசையில் அந்த விசை ஏறக்குறைய சுழி. டார்ச்சைச் சுமந்து மேசையின் மேல் நகரும் பாலத்தின் நிறையை வேகப்படுத்தவும் தடுக்கவும் தேவைப்படும் விசை மட்டுமே மிச்சம். 20 கிலோ எடையுள்ள பாலம் நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவைச் சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகம் நொடிக்கு 83 மில்லிமீட்டர். வளைவுக்குத் தேவையான முடுக்கம் நொடிக்கு நொடி 1,400 மில்லிமீட்டர். விசை 28 நியூட்டன், அதாவது மூன்று கிலோ எடையைத் தூக்கும் அளவு. இதே பாலத்தை 80 கிலோவுக்குக் கட்டினால் விசை நான்கு மடங்காகும், மோட்டாரும் பெரிதாக வேண்டும், நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் மேசையே குலுங்கும். மில்லிங் மெஷினில் நண்பனாக இருந்த கனம் இங்கே எதிரியாகிறது. இலேசாக என்றால் தளர்வாக என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சக்கரங்களிலும் பல்சக்கரங்களிலும் ஆட்டம் இருக்கக் கூடாது. இருபக்கத் தண்டவாளங்களும் ஒன்றுக்கொன்று இணையாக, மூலைமட்டம் தவறாமல் அமைய வேண்டும். செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே நீளமாக இருக்கின்றனவா என்று டேப்பால் அளந்து பார்ப்பது, சட்டத்துக்கு இன்னும் நூறு கிலோ இரும்பு சேர்ப்பதைவிடப் பயன் தரும்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு தடிமனுக்கும் பிளாஸ்மா தாரைக்குப் பொருத்தமான வேகம் என்று ஒரு குறுகிய எல்லை இருக்கிறது. 45 ஆம்பியரில் 3 மில்லிமீட்டர் எம்.எஸ். தகட்டுக்கு அது நிமிடத்துக்குப் பல மீட்டர். 12 மில்லிமீட்டருக்கு அரை மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். எல்லைக்குக் கீழே போனால் தாரை தின்ன உலோகம் தேடிப் பக்கவாட்டில் அகலும், வெட்டுத்தடம் விரியும், அடிப்பக்கத்தில் குமிழ்குமிழாகத் தடித்த கசடு தொங்கும். எல்லைக்கு மேலே போனால் தாரை பின்தங்கி வளையும், உருகிய உலோகம் வெளியேற நேரமின்றி அடி விளிம்பில் மெல்லிய, கடினமான கோடாக ஒட்டிக்கொள்ளும். மெதுவான கசடு தட்டினால் உதிரும், வேகக் கசடைக் கிரைண்டர் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மூலையில் இந்தப் பிரச்சினை கூர்மையாகிறது. எந்த இயந்திரமும் செங்கோணத்தில் திரும்ப ஒரு கணம் நின்றாக வேண்டும். நொடிக்கு நொடி 250 மில்லிமீட்டர் மட்டுமே வேகம் மாற்றத் தெரிந்த கனத்த மேசை, மேலே சொன்ன வேகத்திலிருந்து நிற்க 14 மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும். 1,000 மில்லிமீட்டர் முடுக்கம் உள்ள இலேசான மேசைக்கு மூன்றரை மில்லிமீட்டர் போதும். முதல் மேசையில் ஒவ்வொரு மூலையின் இருபுறமும் பதினான்கு மில்லிமீட்டர் கெட்டுப்போகும். சிறு பாகம் என்றால் அது முழுவதுமே மூலைதான். கனமான சட்டம் வேகத்தின் எல்லையை மீறச் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தத் தேவைக்கு மோட்டார்கள் எளிதில் கிடைக்கின்றன. வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகளாக நகரும். டிரைவர் ஒவ்வொரு படியையும் பத்தாகப் பிரித்து, மோட்டாருக்கும் பினியன் என்ற சிறு பல்சக்கரத்துக்கும் நடுவே பெல்ட் மூலம் மூன்றுக்கு ஒன்று என்று வேகத்தைக் குறைத்தால், பினியனின் ஒரு சுற்று 6,000 துடிப்புகளாகிறது. 20 பற்களும் மாட்யூல் 1 அளவும் கொண்ட பினியன் ஒரு சுற்றில் ராக் என்ற பல்பட்டையின் மீது 62.8 மில்லிமீட்டர் நகரும். ஒரு துடிப்புக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று கணக்கு வருகிறது. வெட்டுத்தடமோ ஒன்றரை மில்லிமீட்டர் அகலம். அதன் விளிம்பின் ஏற்ற இறக்கமே இந்தப் படியைப் போல் பல மடங்கு. பால் ஸ்க்ரூ தரும் கூடுதல் நுணுக்கம் இங்கே தகட்டில் தெரியாமலே போய்விடும். நீளமான ஸ்க்ரூ வேகமாகச் சுழன்றால் சாட்டைபோல் வளைந்து ஆடும் என்பதும், திறந்த மேசையில் பறக்கும் இரும்புத்தூள் அதன் குண்டுகளுக்குள் புகும் என்பதும் கூடுதல் காரணங்கள். ராக்கும் பினியனும் இந்த வேலைக்குச் சரியானவை, அவற்றை எளிதில் துடைக்கவும் முடியும்.

அடுத்தது உயரம். இதுதான் இந்த இயந்திரத்தின் உயிர்நாடி. கோலம் போடும் கையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். விரலிலிருந்து விழும் மாவு, கை உயர்ந்தால் சிதறி அகன்ற கோடாகிறது, கை தயங்கினால் குவிகிறது. பிளாஸ்மா தாரையும் இப்படித்தான். டார்ச் உயர்ந்தால் தாரையின் விரிந்த பகுதி தகட்டைத் தொடும், மேல்விளிம்பு உருண்டு, வெட்டுத்தடம் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் சாயும். டார்ச் தாழ்ந்தால் சாய்வு எதிர்ப்புறம் திரும்பும். இன்னும் தாழ்ந்தால் டார்ச்சின் முனையான நாசில் தகட்டில் உரசி அதன் துளை சிதையும். தகடு தட்டையாக இருந்தால் இதில் சிக்கல் எழாது. ஆனால் கடையிலிருந்து வரும் மெல்லிய தகடு ஏற்கெனவே அலை அலையாகத்தான் இருக்கும். வெட்ட ஆரம்பித்ததும் சூட்டில் விரிந்து, மேசையின் தாங்கு பட்டைகளுக்கு நடுவே மேலெழும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் எழும்புவது சாதாரணம். காக்க வேண்டிய இடைவெளியே ஒன்றரை மில்லிமீட்டர்தான் என்பதை இதனோடு வைத்துப் பாருங்கள். எவ்வளவு துல்லியமாகச் சட்டத்தைக் கட்டினாலும், ரசமட்டம் வைத்து மேசையை எவ்வளவு சமப்படுத்தினாலும், வெட்டும் வேளையில் உருமாறும் தகட்டுக்கு அது பதில் ஆகாது. ஓடிக்கொண்டே இடைவெளியை அளந்து திருத்தும் ஏற்பாடு வேண்டும்.

அந்த அளவுகோல் மின்வில்லுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் அழகு. பிளாஸ்மா மின்மூலம் மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும். 45 ஆம்பியர் என்று வைத்தால் வில் நீண்டாலும் குறுகினாலும் அது 45 ஆம்பியரையே செலுத்தும். மாறுவது மின்னழுத்தம். வில் நீண்டால் அதைத் தாண்டிச் செல்ல அதிக வோல்ட் தேவை, குறுகினால் குறைவு. ஆகவே மின்னழுத்தத்தைப் படித்தால் நீளத்தைப் படித்ததாகும். இந்த மின்னழுத்தத்தை நேராகக் கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கொடுக்க முடியாது. மின்தடைகளை வரிசையாகக் கோத்து ஐம்பதில் ஒரு பங்காகப் பிரித்து, ஒளி வழியாகச் செய்தி கடத்தும் ஆப்டோ ஐசொலேட்டர் போன்ற தடுப்பின் வழியே அனுப்புவார்கள். குறித்த அளவைவிட வோல்ட் கூடினால் மேல்கீழ் மோட்டார் டார்ச்சை இறக்கும், குறைந்தால் ஏற்றும். இதற்கு அசுர வேகம் தேவையில்லை. நிமிடத்துக்கு 5 மீட்டர் என்ற அதே வேகத்தில் 10 சென்டிமீட்டர் ஓட்டத்தில் தகடு 3 மில்லிமீட்டர் எழும்பினால், நொடிக்கு இரண்டரை மில்லிமீட்டர் ஏறத் தெரிந்தாலே போதும். எளிய மோட்டாரால் ஆகிற வேலை. தொடாமல் வெட்டும் கருவி, தொடாமலேயே அளந்தும் கொள்கிறது. லட்சங்கள் பெறும் தொழிற்சாலை மேசையும் வீட்டில் கட்டிய மேசையும் இந்த ஒரே இயற்பியலைத்தான் நம்பி நிற்கின்றன.

ஆனால் இந்த அளவுகோல் எப்போதும் உண்மை பேசுவதில்லை. மூலையில் டார்ச் வேகம் குறைந்ததும் வெட்டுத்தடம் அகல்கிறது, விளிம்பு விலகிப்போக வில் நீள்கிறது, வோல்ட் ஏறுகிறது. டார்ச் உயர்ந்துவிட்டதாக எண்ணும் கட்டுப்பாடு அதைத் தகட்டுக்குள் இறக்கிவிடும். ஏற்கெனவே வெட்டிய தடத்தைக் குறுக்கே கடக்கும்போதும் இதே கதை. அதனால் வேகம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் உயரத் திருத்தத்தை நிறுத்திவைக்கும் விதியும், வோல்ட் திடீரென்று துள்ளினால் அதைப் பொருட்படுத்தாத விதியும் மென்பொருளில் வேண்டும். இன்னும் நுட்பமான பொய் ஒன்று உண்டு. வில் அணையும் ஒவ்வொரு முறையும் ஹாஃப்னியம் பொட்டிலிருந்து சிறிது உருகித் தெறிக்கும், பள்ளம் ஆழமாகும். ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பள்ளமானதும் எலக்ட்ரோடை மாற்றச் சொல்வார்கள். அதுவரை டார்ச் அதே உயரத்தில் நின்றாலும் வில்லின் நீளம் உள்ளே கூடிக்கொண்டே போகிறது. கையேட்டு அட்டவணையில் உள்ள வோல்ட்டை நிலையான எண்ணாகப் பதிந்துவைத்த மேசை, நாள் செல்லச் செல்லத் தகட்டை நெருங்கி ஓடும். கட்டியவர் சட்டத்தைச் சந்தேகிப்பார், மோட்டாரைச் சந்தேகிப்பார். குற்றமோ அந்த எண்ணில் இருக்கிறது. இதற்குத் தீர்வு, ஒவ்வொரு வெட்டின் தொடக்கத்திலும் டார்ச்சை அளந்து தெரிந்த உயரத்தில் நிறுத்தி, அப்போது வில் காட்டும் வோல்ட்டை எடுத்துக்கொண்டு, அந்த வெட்டு முடியும்வரை அதையே குறியாகக் கொள்வது. எலக்ட்ரோடு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் ஒப்பீடு அன்றன்றைக்குப் புதிதாக நடக்கும்.

அந்தத் தெரிந்த உயரம் கிடைக்க, வெட்டுக்கு முன் டார்ச் தகட்டை ஒருமுறை மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். டார்ச்சை ஒரு சிறு வழுக்குச் சட்டத்தில் மிதக்கவிட்டு, தகட்டில் பட்டு மேலே தள்ளப்படும்போது ஒரு சுவிட்ச் செய்தி தரும்படி அமைப்பது எளிய முறை. நாசிலின் கவசம் தகட்டில் படுவதை மின்சாரத் தொடர்பால் உணர்வது இன்னொரு முறை. தகட்டில் தண்ணீரோ பெயின்ட்டோ இருந்தால் அது ஏமாறும். தொட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உயர்ந்து வில்லை மூட்ட வேண்டும். துளை விழும்வரை உருகிய உலோகம் மேல்நோக்கித் தெறிக்கும் என்பதால், வெட்டும் உயரத்திலேயே துளைத்தால் நாசில் பாழாகும். துளை விழுந்ததும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு இறங்கி, பாகத்துக்கு வெளியே உள்ள சிறு வழியில் ஓடி வந்து கோட்டைப் பிடிக்க வேண்டும். ஓட்டத்தின் திசைக்கும் கணக்கு உண்டு. டார்ச்சுக்குள் வாயு சுழன்று வருவதால், வழக்கமான டார்ச்சில் செல்லும் திசைக்கு வலப்புற விளிம்பு நேராகவும் இடப்புறம் சாய்வாகவும் அமைகிறது. ஆகவே பாகத்தின் வெளிக்கோட்டை வலஞ்சுழியாகவும் உள்துளைகளை இடஞ்சுழியாகவும் வெட்டினால் நல்ல விளிம்பு நமக்கும் மோசமான விளிம்பு கழிவுக்கும் சேரும். இரும்பு ஒரு கிராம்கூடச் சேர்க்காமல், மென்பொருளில் ஒரு தேர்வால் கிடைக்கும் துல்லியம் இது.

மூளையைப் பொறுத்தவரை இன்று கட்டுபவர் பெரும் பாரம்பரியத்தின் வாரிசு. எண்களால் இயந்திரத்தை ஓட்டலாம் என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகம் 1952இல் ஒரு மில்லிங் மெஷினில் காட்டியபோது, வால்வுகள் நிறைந்த மின்னணுப் பெட்டிகள் தேவைப்பட்டன. இன்று ஒரு பழைய மேசைக் கணினியும் லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டற்ற மென்பொருளும் அந்த வேலையைச் செய்கின்றன. அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் பணியிலிருந்து முளைத்த மென்பொருள் அது; பிளாஸ்மாவுக்கென்றே உயரக் கட்டுப்பாடும் துளைக்கும் வரிசையும் உள்ள அமைப்பு ஒன்று அதில் இருக்கிறது. முன்பு கண்ட வேகத்துக்கு மோட்டார் கேட்கும் நொடிக்கு எட்டாயிரம் துடிப்பு என்பது அதற்குச் சுமையல்ல. உண்மையான சவால் மின்னிரைச்சல். மின்வில் என்பது ஓயாத மின்னல், கணினியின் கம்பிகளோ சில வோல்ட்டில் பேசுபவை. உயர் அதிர்வெண் பொறியால் வில்லை மூட்டும் மலிவான எந்திரங்கள் அருகிலுள்ள மின்னணுப் பலகைகளைக் குழப்பி நிறுத்திவிடும். எலக்ட்ரோடும் நாசிலும் ஒட்டியிருந்து, காற்றழுத்தத்தால் பிரியும்போது பொறி பிறக்கும் வகை எந்திரத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதைத் தேர்ந்தெடுப்பது, கவசமிட்ட கேபிள்களைப் பயன்படுத்துவது, எல்லா எர்த் இணைப்புகளையும் ஒரே புள்ளியில் சேர்ப்பது, எர்த் கிளாம்பைத் தகட்டிலேயே பொருத்துவது ஆகிய நான்கும் செலவு குறைந்தவை. இவை இல்லாதபோது, எங்கோ ஓர் எல்லை சுவிட்ச் அழுத்தப்பட்டதாக எண்ணி மேசை நடுவழியில் நின்றுவிடும், வெட்டிய தகடு வீணாகும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடலோரத்தில் வாழும் நமக்கு அது குறிப்பாகப் பொருந்தும். இந்த அளவு டார்ச் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 லிட்டர், மணிக்கு 12 கனமீட்டர் காற்றை உண்ணும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ 30 டிகிரி சூட்டில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள நாளில், ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். மணிக்குக் கால் லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கம்ப்ரசர் விழுங்குகிறது. அழுத்தப்பட்ட காற்று ஆறும்போது அதில் பெரும்பகுதி தொட்டியிலேயே நீராகிவிடும். சூடு ஆறுமுன் காற்று டார்ச்சுக்குப் போனால் வழியிலுள்ள குழாயில் நீராகி, எலக்ட்ரோடையும் நாசிலையும் அரித்து, வில்லைத் தடுமாறச் செய்யும். வில் தடுமாறினால் வோல்ட் தடுமாறும், வோல்ட் தடுமாறினால் உயரம் தடுமாறும். ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டியும் உலர்த்தியும் வைப்பது டார்ச்சின் ஆயுளோடு சேர்த்து அளவின் நம்பகத்தையும் காக்கிறது.

இதற்கெல்லாம் எதிராக நியாயமான கேள்விகள் உண்டு. முதலாவது, பாதுகாப்பு. வில் எரியாதபோது டார்ச்சில் 250 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் நிற்கக்கூடும். வில்லின் புற ஊதா ஒளி கண்ணைச் சுடும். தீப்பொறிகள் பல அடி தள்ளி விழும். ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் புகை காய்ச்சல் உண்டாக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. குளோரின் கலந்த துப்புரவுத் திரவங்கள் அருகில் இருந்தால் நச்சு வாயுவான பாஸ்ஜீன் உருவாகும். இவற்றில் ஒன்றையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். தகட்டுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பது புகையையும் தூளையும் பெருமளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் தண்ணீருக்கு மேல் அலுமினியத்தை வெட்டினால், உருகிய அலுமினியம் நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, அது தகட்டுக்கு அடியில் தேங்கி வெடிக்கக்கூடும். வீட்டு மேசையில் தண்ணீர் இருந்தால் அலுமினியம் வேண்டாம் என்று முடிவெடுப்பதே நல்லது. காற்றோட்டம், முகமூடி, ஒளித்தடுப்புக் கண்ணாடி, முறையான எர்த், உடனே நிறுத்தும் பொத்தான் ஆகியவற்றுக்கு இடமில்லாத இடத்தில் இந்த மேசைக்கும் இடமில்லை. இந்த ஆபத்துகள் ஒவ்வொன்றும் வெல்டிங் பட்டறையில் பழகியவருக்குத் தெரிந்தவையே என்பதும் உண்மை. அவற்றுக்கான தற்காப்பும் அங்கே ஏற்கெனவே கிடைக்கிறது.

இரண்டாவது கேள்வி, லேசர் இருக்கும்போது பிளாஸ்மா எதற்கு என்பது. ஃபைபர் லேசரின் வெட்டுத்தடம் மெல்லியது, துளைகள் அழகாக விழும், மெல்லிய தகட்டில் வேகமும் அதிகம். நாளெல்லாம் ஒரே நுண்பாகத்தை வெட்டுகிற தொழிற்சாலைக்கு அதுவே பொருத்தம். வீட்டில் கட்டுவதற்கு அது ஏற்றதல்ல. அதன் ஒளி ஏறத்தாழ 1.07 மைக்ரான் அலைநீளம் கொண்டது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி கண்ணின் முன்பகுதியைத் தாண்டி விழித்திரையில் குவியும். பளபளப்பான தகட்டில் பட்டுத் தெறித்த ஒரு கீற்று பார்வையைப் பறிக்கப் போதும். முழுதும் மூடிய கூண்டு இல்லாமல் கிலோவாட் லேசரை இயக்குவது குற்றத்துக்கு ஒப்பாகும். பிளாஸ்மாவின் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது, கறுப்புக் கண்ணாடிக்குக் கட்டுப்படுகிறது. துல்லியத்திலும் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். நன்றாகச் சீரமைத்த காற்றுப் பிளாஸ்மா மேசை அரை மில்லிமீட்டருக்குள் நிற்கும். தகட்டின் தடிமனைவிடச் சிறிய துளையை அதில் வெட்டாமல், மையத்தைக் குறித்துவிட்டு டிரில் போடுவதே முறை. கேட், கிரில், பிராக்கெட், விவசாயக் கருவி, இயந்திர அடித்தகடு ஆகியவற்றுக்கு இந்த அளவு தாராளமாகப் போதும். கையால் அச்சுப்பலகை வைத்து வெட்டுபவருக்கும் உயரத்தையும் வேகத்தையும் ஒருசேரக் காப்பது கடினம். மேசை வெல்வது அந்த இரண்டிலும்தான்.

மூன்றாவது, ஆயத்தமாக விற்கும் மேசையை வாங்கிவிடலாமே என்ற கேள்வி. நேரத்துக்கு விலை போட்டால் பலருக்கு அதுவே சரி. தினமும் வாடிக்கையாளருக்குப் பாகம் கொடுக்க வேண்டியவர் வாங்கட்டும். ஆனால் வாங்கிய மேசையும் நாளடைவில் எலக்ட்ரோடு தேய்ந்து, காற்றில் ஈரம் ஏறி, எர்த் தளர்ந்து தவறாக வெட்டத்தான் செய்யும். அப்போது சாய்ந்த விளிம்பைப் பார்த்து உயரத்தையும், கசடைப் பார்த்து வேகத்தையும், தடுமாறும் வோல்ட்டைப் பார்த்துக் காற்றையும் சந்தேகிக்கத் தெரிந்தவரே அதைச் சீர்செய்ய முடியும். மேசையைக் கட்டியவருக்கு அந்த அறிவு கட்டும் வேலையிலேயே வந்துவிடுகிறது. இதனால்தான் நம் ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் இறுதியாண்டு மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த செயல்திட்டம் கிடைப்பது அரிது என்று நினைக்கிறேன். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் என்று தனித்தனியே கற்றவர்கள் ஒரே மேசையைச் சுற்றி நின்று, ஒருவர் வேலை இன்னொருவர் வேலையை எப்படிக் கெடுக்கிறது, எப்படித் தூக்கிவிடுகிறது என்பதைக் கண்ணால் காண முடியும். அவர்களுக்கு ஆசிரியர் சொல்ல வேண்டிய முதல் அறிவுரை எளியது: சட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து உயரக் கட்டுப்பாட்டுக்கும் காற்று உலர்த்திக்கும் புகை போக்கிக்கும் கொடுங்கள். பாலத்தை இலேசாகவும் ஆட்டமில்லாமலும் கட்டுங்கள். பிறகு வெட்டிய விளிம்பைத் திருப்பிப் பார்த்து, எதை மாற்ற வேண்டும் என்பதை அதிலிருந்தே கற்றுக்கொள்ளுங்கள்.